கோப்பு இருக்கு, ஆனா இல்லை: லினக்ஸ் கேர்னல் ஒரு பாதையை நடந்து முடிக்கும் விதம், படிப்படியாக

எல்எஸ் போட்டால் கோப்பின் பெயர் வருகிறது, திறக்கப் போனால் "அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை" என்று லினக்ஸ் முகத்தில் அடித்தாற்போலச் சொல்கிறது. இல்லாவிட்டால், எல்லாரும் படிக்கலாம் என்று அனுமதி கொடுத்த கோப்புக்கே "அனுமதி மறுக்கப்பட்டது" வருகிறது. இன்னொரு நாள், நேற்றுவரை இருந்த தரவு முழுக்க காலையில் காணோம். மூன்றும் மூன்று வியாதி மாதிரித் தெரியும், ஆனால் மூலம் ஒன்றுதான். முழுப் பாதை என்று ஒன்று லினக்ஸின் மையக்கருவான கேர்னலுக்குத் தெரியவே தெரியாது. "நான் இப்போது நிற்கும் அடைவுக்குள் இந்தப் பெயரில் என்ன இருக்கிறது?" என்ற ஒரு கேள்வியைத்தான் அது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு நடக்கிறது. வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்கு வழி தெரியாமல் புறப்பட்டவர், மாங்குளம் சந்தியில் ஒருவரைக் கேட்டு ஏ9 ஐ விட்டுத் திரும்பி, ஒட்டுசுட்டானில் இன்னொருவரைக் கேட்டு, அப்படியே போய்ச் சேருவாரே, அந்த நடைதான்.

கடைசிவரை ஒரே பாதையை உதாரணமாக எடுப்போம்:

/தரவு/முல்லைத்தீவு/கொக்கிளாய்/மழை

கிளிநொச்சியில் பெடியளுக்கு லினக்ஸ் பழக்க வைத்திருக்கும் கணினியில் வன்னி ஊர்களின் மழையளவை இப்படித்தான் அடுக்கியிருக்கிறோம். "தரவு" என்பது தனி ஹார்ட் டிஸ்க், கணினி ஓடும் றூட் டிஸ்க்கின் மேல் மவுன்ட் செய்யப்பட்டது, அதாவது அதன் ஓர் அடைவில் ஒட்டப்பட்டது. இந்த விவரம் பின்னால் முக்கியமாகும், மனதில் வையுங்கள்.

கையில் என்ன வைத்திருக்கிறது

நடக்கத் தொடங்குமுன் மூன்று சொற்கள். ஐநோட் என்பது கோப்பு என்கிற பொருள்: அளவு, உரிமையாளர், அனுமதி, தரவு டிஸ்க்கில் எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும், பெயர் மட்டும் இருக்காது. பெயரையும் ஐநோட்டையும் இணைத்து நினைவகத்தில் வைத்திருப்பது டென்ட்ரி, அதற்குத் தன் தாய் அடைவு எது என்றும் தெரியும். மூன்றாவது மவுன்ட், அதாவது எந்தக் கோப்பு முறைமை எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்ற பதிவு.

நடையின் எந்தக் கணத்திலும் கேர்னலின் கையில் இருப்பது ஒரு சோடி: இந்த மவுன்ட், இந்த டென்ட்ரி. டென்ட்ரி மட்டும் போதாது, ஏன் என்பது ஐந்தாம் படியில் விளங்கும். மூல நிரலில் பார்க்க விரும்புகிறவர்கள் எஃப்எஸ் அடைவில் நேம்ஐ.சி என்ற கோப்பைத் திறந்து லிங்க்_பாத்_வோக் என்ற செயற்கூறிலிருந்து தொடங்கலாம்.

முதற்படி: பாதையைப் படியெடுத்தல்

நிரல் ஓப்பன் என்று கூப்பிட்டதும் கேர்னல் பாதையைத் தன் நினைவகத்துக்குப் படியெடுத்துக்கொள்கிறது. நிரலின் பக்கமே விட்டுவைத்தால் பாதி நடையில் அதே நிரலுக்குள் சமகாலத்தில் ஓடும் இன்னொரு திரெட் அந்த எழுத்துகளை மாற்றிவிடலாம். இறுதியில் வரும் பூச்சியத்தையும் சேர்த்து 4096 பைட், அதற்கு மேல் போனால் "பெயர் மிக நீளம்" என்ற பிழை. பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் 255 பைட்தான். லினக்ஸில் பரவலான ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை டிஸ்க்கில் பெயரின் நீளத்தை எழுத ஒரே ஒரு பைட்தான் ஒதுக்கியிருக்கிறது.

எழுத்து வேறு, பைட் வேறு. யூடிஎஃப்-8 இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். "முல்லைத்தீவு" நமக்கு 6 எழுத்து, யுனிகோடுக்கு 12 குறியீடு, கேர்னலுக்கு 36 பைட். நம் உதாரணப் பாதை முழுவதும் 91 பைட். 255 ஐ 3 ஆல் வகுத்தால் 85 குறியீடு, ஏறத்தாழ 45 எழுத்து, அவ்வளவுதான் ஒரு பெயருக்கு. அறிக்கையின் தலைப்பு முழுவதையும் கோப்புப் பெயராக வைக்கிற ஆட்கள் எங்கும் இருக்கிறார்கள், விண்டோஸில் அது ஓடும், ஏனென்றால் அங்கே 255 என்பது வேறு அலகில் எண்ணப்படுகிறது. அதையே லினக்ஸ் டிஸ்க்குக்கு நகலெடுக்கும்போதுதான் பிழை வரும்.

இரண்டாம் படி: எங்கிருந்து தொடங்குவது

பாதை சாய்கோட்டில் தொடங்கினால் அந்தப் ப்ரொசெஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) றூட்டிலிருந்து, அதாவது அதற்குத் தெரியும் உச்சி அடைவிலிருந்து. ப்ரொசெஸின் றூட் என்பதைக் கவனியுங்கள், க்ரூட் செய்த, அதாவது வேறோர் அடைவை றூட்டாக வைத்துக்கொண்ட நிரலுக்கும் கொன்டெய்னர் என்ற தனிச் சூழலுக்குள் ஓடும் நிரலுக்கும் றூட் வேறு. சாய்கோடு இல்லையென்றால் தற்போதைய அடைவிலிருந்து. ஓப்பன்அட் போன்ற அழைப்புகளில் ஏற்கெனவே திறந்து வைத்த ஓர் அடைவையும் தொடக்கமாகக் கொடுக்கலாம்.

மூன்றாம் படி: உள்ளே போக அனுமதி உண்டா

ஒவ்வொரு பெயரைத் தேடுமுன்னும் இப்போது நிற்கும் அடைவில் எக்ஸ் அனுமதி இருக்கிறதா என்று பார்க்கப்படும். அடைவுக்கு எக்ஸ் என்றால் அதைக் கடந்து போகலாம் என்று பொருள், ஆர் என்றால் உள்ளே என்ன பெயர்கள் இருக்கின்றன என்று வாசிக்கலாம். எக்ஸ் மட்டும் இருந்தால், பெயர் தெரிந்தவர் உள்ளே போகலாம், பட்டியல் பார்க்க முடியாது. ஆர் மட்டும் இருந்தால் பெயர் தெரியும், கோப்பைத் தொட முடியாது, எல்எஸ் -எல் போட்டால் அளவும் தேதியும் வரவேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் வரும்.

ஆகவே மழை என்ற கோப்புக்கு 644 கொடுத்துவிட்டு "எல்லாரும் படிக்கலாமே" என்று நிற்பதில் பயனில்லை, மேலே உள்ள ஏதாவது ஓர் அடைவு 700, அதாவது உரிமையாளருக்கு மட்டும் என்றால் அங்கேயே கதை முடிந்தது. உபுண்டு 21.04 இலிருந்து புதிய பயனரின் வீட்டு அடைவு 750 ஆகத்தான், அதாவது உரிமையாளரும் குழுவும் தவிர மற்றவர்கள் நுழைய முடியாதபடி, உருவாகிறது. வீட்டு அடைவுக்குள் இணையப் பக்கத்தை வைத்துவிட்டு வெப் சேர்வர் ஏன் காட்டமாட்டேன் என்கிறது என்று தலையைப் பிய்க்கும் பலருக்கு விடை இதுதான்.

நான்காம் படி: பெயரை வெட்டி, ஹாஷ் போட்டு, தேடுதல்

அடுத்த சாய்கோடு வரும்வரை பைட்டுகளை வாசித்து, வாசிக்கும்போதே ஹாஷ் எண்ணையும், அதாவது அட்டவணையில் விரைவாகத் தேட உதவும் ஒரு சுருக்க எண்ணையும், கணக்கிட்டுக்கொள்கிறது. அந்தக் கணக்கில் தாய் டென்ட்ரியின் முகவரியும் கலக்கப்படுவதால், "மழை" என்ற ஒரே பெயர் நூறு ஊர்களின் அடைவில் இருந்தாலும் ஒரே இடத்தில் வந்து குவியாது.

இங்கே தமிழ்ப் பெயர் வைக்கிறவர்கள் கொஞ்சம் நின்று வாசிக்கவேண்டும். சாய்கோடும் பூச்சியமும் தவிர வேறு எந்தப் பைட்டுக்கும் கேர்னல் பொருள் பார்ப்பதில்லை. ஒரு நாள் பெடியன் ஒருவன் வந்து நின்றான்: "அண்ணை, கொக்கிளாய் ரெண்டு கிடக்கு. ஒண்டுக்குள்ள போகுது, மற்றதுக்குள்ள போகேலாமக் கிடக்கு." உண்மைதான், திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்று. பெயர்களை, பைட்டுகளைக் காட்டும் "ஓடி" (od) என்ற கட்டளைக்குள் தள்ளி எண்களாகப் பார்த்தபோது விஷயம் வெளித்தது. "கொ" வில் உள்ள கொம்பும் காலும் சேர்ந்த குறியை யுனிகோடில் ஒரே குறியீடாக எழுதலாம், அப்போது பைட்டுகள் 224 175 138. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே எழுதினாலும் திரையில் அதே "கொ" தான் வரும், ஆனால் பைட்டுகள் 224 175 134, பின் 224 174 190. யுனிகோடு இரண்டையும் சமம் என்கிறது. கேர்னலுக்கு ஒன்று 30 பைட் பெயர், மற்றது 33 பைட் பெயர், அதாவது இரண்டு அடைவுகள். அவன் விசைப்பலகையில் அடித்தது முதல் வகை, இருந்ததில் ஒன்று இரண்டாம் வகை.

பிரித்து எழுதிய பெயர்கள் பழைய மெக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்கிலிருந்து வருவது வழக்கம், அது பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்கள் எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு, ஆகவே கொக்குத்தொடுவாய்க்கு இரட்டை ஆபத்து. கொன்வ்எம்வி என்ற நிரலில் என்எஃப்சி (சேர்த்து எழுதிய வடிவம்) தெரிவைக் கொடுத்தால் பெயர்களை ஒரே வடிவத்துக்கு மாற்றித்தரும், முதலில் வெறும் ஒத்திகை மட்டும் காட்டும், பார்த்துவிட்டுச் செய்யலாம். ஈஎக்ஸ்டி4 இல் கேஸ்ஃபோல்ட் (பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு பாராமல் பெயரைத் தேடுவது) என்ற வசதி 5.2 கேர்னலில் வந்தது, அதை இயக்கிய அடைவுகளில் மட்டும் இரண்டு வடிவமும் ஒன்றாக எடுக்கப்படும். என்னைக் கேட்டால் இதற்காக அதை இயக்கத் தேவையில்லை, பெயர்களைச் சுத்தமாக வைத்தாலே போதும்.

சரி, ஹாஷ் கிடைத்தது. இனி தேடல். முதலில் நினைவகத்தில் இருக்கும் டென்ட்ரி அட்டவணை, டிகேஷ் என்பார்கள். அங்கே கிடைத்தால் டிஸ்க் பக்கமே போகவேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் அந்த அடைவைப் பகிர்வாக லொக் செய்து, புதிய டென்ட்ரி ஒன்றை உருவாக்கி, "இந்தப் பெயர் உன்னிடம் இருக்கிறதா?" என்று கோப்பு முறைமையைக் கேட்கும். ஈஎக்ஸ்டி4 டிஸ்க்கில் உள்ள அடைவைப் புரட்டி ஐநோட் எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். 2016 இல் வந்த 4.7 கேர்னலுக்கு முன் ஒரு அடைவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இப்படித் தேடலாம், பிறகு வேறு வேறு பெயர்களைச் சமகாலத்தில் தேடலாம் என்றாயிற்று.

பெயர் இல்லை என்று கோப்பு முறைமை சொன்னாலும் அந்தப் பதிலும் சேமிக்கப்படும். இதை எதிர்மறை டென்ட்ரி என்கிறார்கள். வீண் வேலை மாதிரித் தோன்றலாம், ஆனால் கம்பைலர் ஒரு ஹெடர் கோப்பைப் பத்து அடைவில் தேடி பத்தாவதில் கண்டுபிடிக்கும் வேலையை நினைத்துப் பாருங்கள், அடுத்த கோப்பைத் தொகுக்கும்போது அந்த ஒன்பது "இல்லை" களும் நினைவகத்திலிருந்தே வந்துவிடும்.

தமிழ்ப் பெயர்களுக்கு இன்னொரு சின்னச் செலவு: குறுகிய பெயரை டென்ட்ரிக்குள்ளேயே வைப்பார்கள், நீண்டால் வெளியே தனி இடம் எடுக்கவேண்டும். பல காலமாக 64 பிட் கேர்னல்களில் உள்ளிடம் 32 பைட்டாக இருந்தது, அதில் கொக்கிளாய் மட்டுமட்டாக அடங்கும், முல்லைத்தீவு அடங்காது. இதற்காகப் பெயரைச் சுருக்கப் போகாதீர்கள், தெரிந்து வைக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: இதன் மேல் ஏதாவது மவுன்ட் ஆகியிருக்கிறதா

"தரவு" என்ற டென்ட்ரி கிடைத்தது. அதில் "என்மேல் மவுன்ட் இருக்கலாம்" என்ற கொடி இருந்தால், கேர்னல் இன்னோர் அட்டவணையைப் பார்க்கும். அதன் சாவி டென்ட்ரி மட்டும் அல்ல, தாய் மவுன்ட்டும் டென்ட்ரியும் சேர்ந்த சோடி. பதில் கிடைத்தால் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, மேலே உட்கார்ந்திருக்கும் டிஸ்க்கின் றூட்டை எடுத்துக்கொள்ளும். அதன் மேலும் மவுன்ட் இருந்தால் திரும்ப அதே வேலை.

இப்போது காணாமற்போன தரவின் கதைக்கு வருவோம். மின்சாரம் போய் வந்து கணினி எழும்பும்போது, வெளி ஹார்ட் டிஸ்க் ஏதோ காரணத்தால் மவுன்ட் ஆகவில்லை. மழையளவைப் பதிகிற நிரலுக்கு அது தெரியாது. "தரவு" என்ற வெற்று அடைவு றூட் டிஸ்க்கில் இருக்கிறதே, அதற்குள் ஊர்ப்பெயர் அடைவுகளை உருவாக்கி இரண்டு நாள் சந்தோஷமாக எழுதிக்கொண்டிருக்கும். பிறகு யாரோ வயரைச் சரிபண்ணி, டிஸ்க் மவுன்ட் ஆகிறது. அந்த இரண்டு நாள் பதிவும் மாயம். அழியவில்லை, கீழே அப்படியே கிடக்கிறது, நடக்கிற கேர்னல் ஒவ்வொரு முறையும் மேல் டிஸ்க்குக்குத் தாவிவிடுவதால் அதை எட்ட முடியவில்லை.

எட்டும் வழி: றூட்டை வேறோர் இடத்தில், எம்என்டி அடைவில் என்று வையுங்கள், பைண்ட் மவுன்ட் செய்யுங்கள் (ஆர்பைண்ட் வேண்டாம், அது உள் மவுன்ட்களையும் இழுத்துவரும்). அந்தப் புது வழியாகப் போய் "தரவு" ஐத் திறந்தால் அடியில் கிடந்தவை தெரியும். டென்ட்ரி அதேதான், ஆனால் கையில் இருக்கும் மவுன்ட் வேறு, ஆகவே அட்டவணையில் அந்தச் சோடி இல்லை, தாவல் நடக்காது. டென்ட்ரி மட்டும் போதாது என்று தொடக்கத்தில் சொன்னது இதற்குத்தான். இனிமேல் இப்படி நடக்காமலிருக்க, டிஸ்க்கைக் கழற்றிய நிலையில் அந்த வெற்று அடைவுக்குச் சேட்டர் கட்டளையால் மாற்றமுடியாத் தன்மையைக் கொடுத்துவிடுங்கள். டிஸ்க் இல்லாதபோது நிரல் எழுதப்போனால் பிழை வந்து விழும், டிஸ்க் வந்தால் வழக்கம்போல மேலே உட்காரும்.

ஆறாம் படி: இது சிம்லிங்க்கா

கிடைத்தது சிம்லிங்க் (இன்னொரு பாதையைச் சுட்டும் கோப்பு) என்றால் அதற்குள் எழுதியிருக்கும் பாதையை முதலில் நடந்து முடித்துவிட்டு மிச்சத்தைத் தொடரவேண்டும். உள்ளே இருப்பது சாய்கோட்டில் தொடங்கினால் றூட்டுக்குத் தாவும், இல்லாவிட்டால் லிங்க் இருக்கும் அடைவிலிருந்து தொடரும். நீங்கள் நிற்கும் அடைவிலிருந்து என்று நினைத்து லிங்க் போட்டுக் கெட்டவர்கள் ஏராளம்.

ஒரு நடைக்கு மொத்தம் 40 லிங்க். அதைத் தாண்டினால் "சிம்லிங்க் மட்டங்கள் மிக அதிகம்" என்று நின்றுவிடும், ஒன்றையொன்று சுட்டும் இரண்டு லிங்க்கில் நிரல் முடிவில்லாமல் சுற்றாமல் இருப்பது இதனால்தான். ஒன்றுக்குள் ஒன்றாக வருவது முன்பு 8 மட்டத்தோடு நிறுத்தப்பட்டது, காரணம் செயற்கூறு தன்னையே கூப்பிட்டுக்கொண்டு சிறிய கேர்னல் ஸ்டாக்கைத் தின்றது. 2015 இல் 4.2 கேர்னலில், கேர்னல் நிரலாளர் ஆல் வைரோ அதை மாற்றி எழுதினார், இப்போது மிச்சப் பாதைகள் தனி அடுக்கில் குறித்து வைக்கப்படுகின்றன.

இரட்டைப் புள்ளி

பாதையில் ஒற்றைப் புள்ளி என்றால் நிற்கும் அடைவே, ஒன்றும் செய்யவேண்டியதில்லை. தாய் அடைவைக் குறிக்கும் இரட்டைப் புள்ளி சுழிகாரன். றூட்டில் நின்றால் அங்கேயே நிற்கும். மவுன்ட் ஆன டிஸ்க்கின் உச்சியில் நின்றால், முதலில் கீழ் மவுன்ட்டுக்கு இறங்கி, பிறகுதான் தாய்க்குப் போகும். மற்றபடி டென்ட்ரியின் தாய். சிம்லிங்க் வழியாக உள்ளே வந்திருந்தால் அந்த வழி கேர்னலுக்கு நினைவில்லை, உண்மையான தாயிடம்தான் போகும். ஆனால் பாஷ் ஷெல்லின் சிடி கட்டளை பாதையின் எழுத்தை வைத்துத் தானே கணக்குப் போடும். அதனால் ஒரே இடத்தில் நின்று சிடியோடு இரட்டைப் புள்ளி போட்டால் ஓரிடம், எல்எஸ்ஸோடு போட்டால் வேறிடம். சிடி -பி (பெரிய எழுத்து P) என்று போட்டால் கேர்னல் சொல்வதைக் கேட்கும்.

ஏழாம் படி: கடைசிப் பெயர்

நடை கடைசிப் பெயருக்கு முன் நின்றுவிடும், ஏனென்றால் அந்தப் பெயரை என்ன செய்வது என்பது கேட்டவரைப் பொறுத்தது. அடைவு உருவாக்கும் எம்கேடிஐஆருக்கு அது இருக்கக்கூடாது. அழிக்கும் ஆர்எம்முக்கு, சிம்லிங்க் என்றால் லிங்க்கையே அழிக்கவேண்டும், அது சுட்டுவதை அல்ல. வெறுமனே திறக்க வந்தவருக்கு லிங்க்கைத் தொடரவேண்டும், உருவாக்கக் கேட்டவருக்கு இல்லாவிட்டால் உருவாக்கவேண்டும். இறுதியில் ஒரு சாய்கோடு போட்டால் "இது அடைவாகத்தான் இருக்கவேண்டும்" என்று பொருள், லிங்க் ஆனாலும் தொடரும்.

இதெல்லாம் இவ்வளவு வேகமாக எப்படி

சாய்கோட்டில் தொடங்கும் எல்லா நடையும் றூட்டைத் தொட்டுத்தான் தொடங்கும். ஒவ்வொரு டென்ட்ரியையும் கடக்கும்போது "நான் இதைப் பிடித்திருக்கிறேன்" என்று அதன் எண்ணிக்கையை ஒன்று கூட்டி, விடும்போது குறைத்தால், பல கோர் உள்ள கணினியில் எல்லாக் கோரும் அந்த ஓர் எண்ணுக்காக இழுபறிப்படும். 2011 இல் 2.6.38 கேர்னலில் நிக் பிக்கின் கொண்டுவந்த ஆர்சியூ-வோக் இதைத் தீர்த்தது. எதையும் எழுதாமல் வாசித்துக்கொண்டே நடப்பது. ஒவ்வொரு டென்ட்ரியிலும் ஒரு தொடரெண் உண்டு, யாராவது பெயரை மாற்றினால் அது மாறும். வாசிக்குமுன் அந்த எண்ணைக் குறித்து, வாசித்தபின் ஒப்பிட்டால் போதும்.

எண் மாறியிருந்தாலோ, டிஸ்க்குக்குப் போகவேண்டி வந்தாலோ, இந்த முறையில் தொடர முடியாது. நின்ற இடத்திலேயே எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு பழைய முறைக்கு மாறப் பார்க்கும். அதுவும் சரிவராவிட்டால் நடையை முதலிலிருந்து பழைய முறையில் தொடங்கும். வலையமைப்புக் கோப்பு முறைமையில் தகவல் பழசாகிவிட்டது என்று தெரிந்தால் மூன்றாவது தடவையும் நடக்கும், அப்போது ஒவ்வொரு பெயரையும் சேர்வரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு. உங்கள் நிரலுக்கு இது ஒன்றும் தெரியாது, ஓர் ஓப்பன், ஒரு பதில்.

வேகத்தைக் கண்ணால் பார்க்க விருப்பமென்றால், பெரிய அடைவொன்றில் ஃபைண்ட் ஓட்டி நேரம் பாருங்கள், திரும்ப ஓட்டிப் பாருங்கள். பிறகு றூட் பயனராக (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி) ட்ரொப்_கேஷஸ் கோப்புக்குள் 3 என்று எழுதி, நினைவகத்தில் சேமித்தவற்றைக் கைவிடச் செய்து, இன்னொரு தடவை ஓட்டுங்கள். பழைய சுழலும் டிஸ்க் என்றால் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். வேலை நடக்கும் சேர்வரில் இதைச் செய்யாதீர்கள்.

பிழை வந்தால் எங்கே தொடங்குவது

நேம்ஐ -எல் என்று போட்டு முழுப் பாதையையும் கொடுங்கள். அந்தக் கட்டளை ஒவ்வொரு துண்டாக நடந்து அனுமதியையும் உரிமையாளரையும் காட்டும், எந்தப் படியில் நடை நிற்கிறது என்று உடனே தெரியும். அந்த நிரல் எந்தப் பயனராக ஓடுகிறதோ அந்தப் பயனராகப் போட்டுப் பாருங்கள், றூட்டாகப் போட்டால் எல்லாக் கதவும் திறந்துதான் இருக்கும். அப்புறம் ஃபைண்ட்எம்என்டி -டி (பெரிய எழுத்து T), அது பாதை எந்த மவுன்ட்டில் போய் முடிகிறது என்று சொல்லும். அப்படியும் பிடிபடாவிட்டால் ஸ்ட்ரேஸ், நிரல் உண்மையில் கேர்னலிடம் எந்தப் பாதையைக் கேட்டது என்று பார்க்க. தமிழ்ப் பெயர் என்றால் இங்கேயே பைட்டுகளும் தெரிந்துவிடும்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. முதலில் கோப்பின் விவரம் கேட்கும் ஸ்டாட் போட்டுச் சோதித்து, பிறகு அதே பாதையை ஓப்பன் செய்யாதீர்கள். அவை இரண்டு தனித்தனி நடைகள், இடையில் யாராவது ஒரு சிம்லிங்க்கை மாற்றி வைக்கலாம். திறந்துவிட்டு, திறந்ததை எஃப்ஸ்டாட்டால் சோதியுங்கள். பயனர் கொடுக்கும் பெயரை ஓர் அடைவுக்கு வெளியே போகவிடக்கூடாது என்றால், இரட்டைப் புள்ளியைத் தேடி வெட்டும் வேலை வேண்டாம், 2020 இல் 5.6 கேர்னலோடு வந்த ஓப்பன்அட்2 இல் ரிசோல்வ்_பினீத் என்று கேட்டால் நடக்கும்போதே கேர்னல் காவல் இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு ஸ்கிரிப்ட் மட்டும் "அப்படியொரு கோப்பு இல்லை" என்று அடம்பிடித்தால், அதன் முதல் வரியைப் பாருங்கள். #! க்குப் பின்னால் இருப்பதும் ஒரு பாதை, கேர்னல் அதையும் நடக்கவேண்டும். விண்டோஸில் எழுதிய கோப்பென்றால் அந்த வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பைட், 13 ஆம் எண், ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பைட்டையும் சேர்த்து ஒரு பெயராகத் தேடித்தான் கேர்னல் "இல்லை" என்கிறது. டொஸ்2யுனிக்ஸ் போட்டால் சரிவரும்.